நன்றாகப் பிடித்த இரண்டு விரல்கள்

எம்னாவின் கன்னம் உருண்டு திரண்டதற்கு எல்லோரும் அம்மாவைப் பாராட்டினார்கள்.

"அப்படி என்னதான் குடுத்தே நஜியா? பொண்ணு முகம் பௌர்ணமி மாதிரி ஆயிடுச்சே."

"பஸீஸாதான். வறுத்த மாவு, ஆலிவ் எண்ணெய், பேரீச்சம்பழம். வேற என்ன?" என்பாள் அம்மா.

வேறு என்ன என்று அம்மாவுக்கும் எம்னாவுக்கும் எனக்கும் தெரியும். முகத்தை உப்பவைக்கும் மாத்திரை, கார்ட்டிசோன்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை வெயில் படாமல் அறைக்குள் வைக்கும் வழக்கம் எங்கள் ஊர் காபெஸில் இன்னும் இருக்கிறது. மஹ்ஜூபா என்போம், மறைத்து வைக்கப்பட்டவள். நிறம் வெளுக்க வேண்டும், உடம்பில் கொஞ்சம் சதை பிடிக்க வேண்டும். மற்ற பெண்கள் இதற்குச் சலித்துக்கொள்வார்கள். என் அக்கா எம்னா ஆறு வருடமாக அப்படித்தான் இருக்கிறாள். வெயில் பட்டால் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடும். மூக்கின் இரு பக்கமும் படர்ந்திருந்த சிவப்பை வெட்கம் என்றார்கள். எழுந்து நடக்க முடியாமல் அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தால் அடக்கம் என்றார்கள். நோயை எல்லோரும் கல்யாணக்களை என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் மறுக்கவில்லை.

உடம்பு தன்னையே தாக்கும் இந்த நோய்க்கு லூபஸ் என்று பெயர். அரபியில் சிவப்பு ஓநாய் என்பார்கள், அதுவும் பெண் ஓநாய். அம்மா எந்தப் பெயரையும் சொல்ல மாட்டாள், 'அது' என்பாள். எம்னா மட்டும் அதைப் பற்றி வீட்டில் வளரும் பிராணி போலப் பேசுவாள். "இன்னிக்கு முட்டியைக் கடிக்குது. நாளைக்குத் தோளுக்கு வரும், பாரேன்." மாப்பிள்ளை ஹாத்திம் வீட்டில் மூட்டுவலி என்று சொல்லியிருந்தோம். அது பொய்யில்லை. மூட்டும் வலிக்கும்.

ஜூன் மாதமே நகராட்சியில் நிக்காஹ் எழுதியாகிவிட்டது. சட்டப்படி அவள் அவன் மனைவிதான். ஆனால் ஜல்வா சடங்கு முடியாமல் இங்கே யாரும் அதைக் கல்யாணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பொன்னிழை உடுப்பு போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி எல்லோருக்கும் காட்டியபடி, பெண் மெதுவாகச் சுற்ற வேண்டும். சபை முழுக்க அந்தக் கைகளைத்தான் பார்க்கும். அதற்காகத்தான் மருதாணி.

நான் உயிரியலில் பட்டம் வாங்கிவிட்டு ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். எம்னாவின் மாத்திரைகளை நான்தான் கொண்டுவந்து வைப்பேன். கல்யாணக் கூட்டம் சேரத் தொடங்கியதும் அம்மா அவற்றைப் பஸீஸா ஜாடிக்குப் பின்னால் மறைத்துவைத்தாள். மஹ்ஜூபாவைத் தனியாக விடக்கூடாது, கண்பட்டுவிடும். பகலில் சித்திகள், பெரியம்மாக்கள், அவர்கள் பிள்ளைகள். மாலையில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். ஒருத்தி எழுந்தால் அந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். எம்னா தண்ணீர் கேட்டால் நான்கு கைகள் நீளும். அத்தனை பேருக்கு நடுவே மாத்திரை எப்படிப் போடுகிறாள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கடையில் வேலை அதிகமாக இருந்தது. வீட்டுக்கு வந்தால் பாத்திரம் குவிந்திருக்கும்.

ஒரு மாலை அவள் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். சீப்பில் நிறைய முடி வந்தது.

"தூக்கம் வருதா?" என்றேன்.

"தூக்கம் வந்தாத்தான் தேவலையே. களைப்புதான் வருது."

"டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமா?"

"மஹ்ஜூபாவை வெளிய கூட்டிட்டுப் போவியா? ஊர்ல உன்னைக் கல்லால அடிப்பாங்க." பிறகு சொன்னாள், "ஸல்ஹாவைக் கொஞ்சம் முன்னாடியே வரச் சொல்லேன். மருதாணிக்கு."

"இப்பவேவா? மங்கிடும்."

"மேல மேல வெச்சாத்தான் கறுக்கும். எனக்குக் கறுப்பா வேணும்."

எம்னா எந்த அலங்காரத்தையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அதனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாளே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஸல்ஹா மணப்பெண்களுக்கு மருதாணி வைப்பவள். மூத்த பெண்களை மரியாதையாக லல்லா என்போம், அவளையும் அப்படித்தான். பெருத்த உடம்பு, ஓயாத வாய். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் பேச்சு அறைக்குள் வந்துவிடும். அந்தி சாயும் நேரத்தில் வந்து, எங்கள் தோப்புகளில் விளைந்த மருதாணித்தூளைக் கிண்ணத்தில் குழைத்தாள். எம்னாவின் கைகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நகத்துக்கு மட்டுமா, நுனி பூராவுமா?"

"ரெண்டாவது கணு வரைக்கும், லல்லா ஸல்ஹா. இடைவெளி விடாம."

"ஏண்டி, கையுறை போட்டுவிடவா?"

பெண்கள் சிரித்தார்கள். எம்னாவும் சிரித்தாள். வலது கையின் நடுவிரலில் ஸல்ஹா அழுத்தித் தடவியபோது மட்டும் அவள் உதடு உள்ளே போனது. நான் அதைப் பார்த்தேன். கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன்.

விரல்களைத் துணியால் சுற்றிக் கட்டி, பட்டுப் பைகளுக்குள் விட்டார்கள். அவள் அப்படியே படுத்தாள். மறுநாள் காலை கட்டைப் பிரிப்பதைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். ஹாத்திமின் அம்மா லல்லா தாவூஸ் எம்னாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். பேச்சில் ஸல்ஹாவுக்குச் சளைக்காதவள்.

ஸல்ஹா துணியைப் பிரித்து, காய்ந்த மருதாணியை உதிர்த்து, ஆலிவ் எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆழ்ந்த செங்கல் சிவப்பு. வலது கையில் இரண்டு விரல்கள் மட்டும், சுட்டுவிரலும் நடுவிரலும், நுனியில் கறுப்பு.

"பாருங்கடி," என்றாள் ஸல்ஹா, அந்தக் கையை உயர்த்தி. "என் ஆயுசுல இப்படிப் பிடிச்சதில்லை. கன்னங்கரேல்னு. சூடான ரத்தம். சூடான கையிலதான் மருதாணி நல்லாப் பிடிக்கும்."

குலவை எழுந்தது. அறை அதிர்ந்தது.

"ஏன் ரெண்டுல மட்டும்?" என்றாள் ஒரு சித்தி.

"ஒண்ணு புருஷனுக்கு, ஒண்ணு மாமியாருக்கு," என்றாள் ஸல்ஹா.

"எனக்கு எது?" என்றாள் லல்லா தாவூஸ்.

"சுட்டுவிரல்தான். நாளைக்கு அதைத்தானே உன்னைப் பார்த்து நீட்டப் போறா."

லல்லா தாவூஸ் தொடையில் தட்டிச் சிரித்தாள். "நீட்டட்டும் நீட்டட்டும். நான் என் மாமியாரை நோக்கி நீட்டாததா?" எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் குலவை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் காப்பித் தட்டோடு கதவருகே நின்றிருந்தேன். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கூட்டத்தில் யோசிக்க வரும். ஒரே கிண்ணம். ஒரே தூள். ஒரே ஸல்ஹா. எட்டு விரல் ஒரு மாதிரி, இரண்டு விரல் வேறு மாதிரி. சூட்டில் நன்றாகப் பிடிக்கும் என்று ஸல்ஹா சொன்னது சரிதான். அப்படியென்றால் அந்த இரண்டும் மற்றவற்றை விடச் சூடாக இருக்க வேண்டும்.

எம்னாவிடம் ஒரு கோப்பையை நீட்டினேன். அவள் வாங்கும்போது என் விரல் அவள் சுட்டுவிரலில் பட்டது. ஆகஸ்ட் மாதம், காற்றில்லாத அறை, எல்லோருக்கும் கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. அந்த விரல் கிணற்றடிக் கல் போல இருந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோப்பை நழுவி விழுந்து உடைந்தது.

"கேடு உடைஞ்சுது," என்றார்கள் பெண்கள் ஒரே குரலில். எங்கள் ஊரில் எது உடைந்தாலும் அப்படித்தான் சொல்வோம்.

காப்பி பட்ட உடுப்பை மாற்ற வேண்டும் என்று சொல்லி அவளைக் குளியலறைக்குக் கூட்டிப்போனேன். தாழிட்டேன். அவள் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"தெரியும்," என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

"எப்போலேர்ந்து?"

"முதல்ல நகத்தடியில சின்னச் சின்னப் புள்ளி வந்துச்சு. அப்புறம் நீலமாச்சு. கண்ணுக்குத் தெரியற மாதிரி ஆனதும் ஸல்ஹாவைக் கூப்பிடச் சொன்னேன்."

"வலிக்கலையா?"

"வலிக்காம? கதவிடுக்குல மாட்டின மாதிரி இருக்கு. திறக்க முடியாத கதவு." அவள் கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். "ஜல்வா முடியட்டும் விதாத். கையைத் தூக்கிட்டு ஒரு சுத்து சுத்தணும், அவ்வளவுதான். அப்புறம் எங்க வேணாலும் கூட்டிட்டுப் போ."

"அது வரைக்கும் விரல் தாங்காது."

"விரல்தானே."

"வெளிய தெரியறதுதான் விரல். உள்ள எந்த ரத்தக்குழாய் வீங்கியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? சிறுநீரகத்துல இருக்கலாம். குடல்ல இருக்கலாம்."

"பயமுறுத்தாதே. நீ மருந்துக்கடைதான், டாக்டர் இல்ல."

வெளியே யாரோ தர்புக்கா மேளம் தட்டத் தொடங்கினார்கள். அவள் குழாயில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆறு வருஷமா நோயாளியா இருந்தாச்சு," என்றாள். "அதுக்கு லீவே கிடையாது. இந்த ஒரு வாரந்தான் யாரும் என்னைப் பாவமாப் பார்க்கல. களைச்சு உக்காந்தாக்கூட அழகா இருக்கேங்கறாங்க. கொஞ்ச நாள் மணப்பெண்ணா இருக்க விடேன்."

"மாத்திரை?"

"அறை நிறைய ஆளு. எந்தக் கையால எடுத்து எந்த வாயில போடறது? முதல்ல ஒரு வேளை விட்டேன். ஒண்ணும் ஆகலை. அப்புறம் விட்டுட்டேன்."

எனக்கு அவளிடம் வாதாடத் தெரியவில்லை. அவள் எப்போதும் என்னை விட நன்றாகப் பேசுவாள். தாழை நீக்கி, சமையலறைக்குப் போய், அம்மாவை அழைத்துவந்தேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

அம்மா கையைத் துணியில் துடைத்தபடி வந்தாள். நான் சொன்னதை நின்றபடி கேட்டாள்.

"அப்பா வேலைக்கு லீவு போட்டு மார்ஸேயில கப்பல் ஏறிட்டார்," என்றாள். "ஆட்டை அறுக்க ஆள் சொல்லியாச்சு. ஜனமெல்லாம் வந்திருக்கு."

"தெரியும்மா."

"மருதாணியா இருக்கும்டி. ஸல்ஹா சொன்னாளே. இந்த வருஷத் தூளு கறுப்பாத்தான் பிடிக்குதாம்."

"தொட்டுப் பாரும்மா."

அம்மா தொட்டாள். ஒரு விரலைத் தொட்டாள், பக்கத்து விரலைத் தொட்டாள், மறுபடியும் முதல் விரலைத் தொட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அந்த இரண்டு விரல்களையும் தன் வாய்க்குள் வைத்துக்கொண்டாள். கைக்குழந்தைக்குக் குளிரும்போது செய்வது போல. எம்னா இழுத்துக்கொள்ளவில்லை. தர்புக்கா அடித்துக்கொண்டே இருந்தது.

"என் ஈரலே," என்றாள் அம்மா கடைசியில். எங்களை அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். "சூடு ஏறவே இல்லையே."

"கணப்புல காட்டக் கூடாதும்மா. வெந்நீரும் கூடாது. புண்ணாயிடும்."

அம்மா எழுந்தாள். கண்ணாடியைப் பார்த்து முந்தானைபோல் போர்த்தியிருந்த ஸஃப்ஸாரியைச் சரிசெய்துகொண்டாள். கூடத்துக்குப் போய், எப்போதும் போன்ற குரலில் சொன்னாள்.

"பொண்ணை ஹம்மாமுக்கு, ஆவியில குளிக்கக் கூட்டிட்டுப் போறேன். நாளைக்குக் கூட்டமா இருக்குமாம். நீங்க சாப்பிடுங்க, கூஸ்கூஸ் ஆறிடும்."

"நாங்களும் வரோமே," என்றாள் லல்லா தாவூஸ்.

"வேணாம் லல்லா. இந்த வெயில்ல நீங்க எதுக்கு?"

எம்னாவைத் தலை முதல் கால் வரை போர்த்தி, பின்வாசல் வழியாக வாடகை வண்டியில் ஏற்றினோம். ஆறு வருடத்தில் அவள் வெயிலுக்கு அவ்வளவு நன்றாக மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனது அன்றுதான்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருத்தி இருந்தாள். ஸிஹாம் என்று சட்டையில் எழுதியிருந்தது. எத்தனை மணி நேரமாக நிற்கிறாளோ, மேசையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டே பேசினாள். விரலைக் கவ்வும் ஆக்ஸிஜன் கருவியை எம்னாவின் சுட்டுவிரலில் மாட்டினாள். திரையில் கோடுகள் மட்டும் வந்தன.

"மருதாணி," என்றாள் டாக்டர் ஸிஹாம். "கல்யாண சீசன்ல இதோட தொல்லை. கறுப்பா இருந்தா மெஷின் படிக்காது. மப்ரூக், நல்லா இரும்மா. எப்போ கல்யாணம்?"

"வியாழக்கிழமை," என்றாள் எம்னா, தெளிவாக. என்னைப் பார்க்கவில்லை.

"அப்போ அதுக்கப்புறம் வந்து..."

கருவியை நானே எடுத்து எம்னாவின் சுண்டுவிரலில் மாட்டினேன். செங்கல் சிவப்பு விரல். திரையில் எண் வந்தது, தொண்ணூற்றெட்டு. அலை அழகாக ஏறி இறங்கியது.

டாக்டர் மேசையிலிருந்து கையை எடுத்தாள். கருவியை மோதிரவிரலுக்கு மாற்றினாள். எண் வந்தது. நடுவிரலுக்கு மாற்றினாள். அலை தரையோடு தரையாக நடுங்கியது. சுட்டுவிரலில் ஒன்றுமே இல்லை.

"ரெண்டும் ஒரே மருதாணிதானா?"

"ஒரே கிண்ணம்," என்றேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் திருப்பி, மருதாணி படாத இடத்தில் சிதறியிருந்த சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அழுத்தினாலும் அவை வெளுக்கவில்லை. காலணியைக் கழற்றச் சொல்லிக் கணுக்காலைப் பார்த்தாள். அங்கேயும் இருந்தன. அதன் பிறகுதான் வேறு என்ன நோய் இருக்கிறது என்று கேட்டாள்.

அம்மா சுவரைப் பார்த்தாள். "அது இருக்கு," என்றாள்.

"ஓநாய்," என்றாள் எம்னா. "ரொம்ப நாளா சோறு போடாம விட்டுட்டேன். விரலைத் தின்ன ஆரம்பிச்சிடுச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. லூபஸ் முற்றும்போது ரத்தக்குழாயின் சுவரே வீங்கிப்போகும், உள்ளே ரத்தம் போகும் வழி குறுகும், சின்னக் குழாய்கள் முதலில் அடைபடும் என்று அம்மாவுக்குப் புரியும்படி சொன்னாள். நடுவிரலைக் காப்பாற்றலாம், சுட்டுவிரலைப் பற்றி இப்போது சொல்ல முடியாது. ஸ்ஃபாக்ஸில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.

"உடனேன்னா?" என்றாள் அம்மா.

"இப்பவே. ஆம்புலன்ஸ் சொல்றேன்."

எம்னா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டிலில் சாய்ந்து படுத்து, காலை நீட்டிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். "அப்பாடா," என்றாள்.

ஸ்ஃபாக்ஸில் அவளுக்கு இரண்டு பக்கமும் சொட்டு மருந்து ஏறியது. ஒரு பக்கம் கார்ட்டிசோன். மாத்திரையில் தருவதைப் போலப் பல மடங்கு. இன்னொரு பக்கம், குழாய்களை விரிக்கும் மருந்து. அது ஏறும்போதெல்லாம் அவள் முகம் நெருப்பாகச் சிவந்து, தலை வெடிக்கிறது என்பாள். தாடை வலிக்கிறது என்பாள். மருந்தின் வேகத்தைக் குறைப்பார்கள், மறுபடியும் கூட்டுவார்கள். கைகளைப் பஞ்சில் பொதிந்து தலையணை மேல் வைத்திருந்தார்கள். நல்ல வேளையாகச் சிறுநீரகம் தப்பித்திருந்தது.

நானும் அம்மாவும் மாற்றி மாற்றி நாற்காலியில் உட்கார்ந்தோம். வந்த மனிதர்களைத் திருப்பி அனுப்பியது யார், ஆட்டை என்ன செய்தார்கள், எனக்குத் தெரியாது. அப்பா துறைமுகத்திலிருந்து நேராக இங்கே வந்தார். கட்டிலின் கால்மாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். மார்ஸேயில் வாங்கிய வாசனைத் திரவியத்தை அவள் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, வெளியே போய் சிகரெட் பற்றவைத்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான பெண் இருந்தாள். பஞ்சு மாற்றும்போது மருதாணியைப் பார்த்துவிட்டாள்.

"புதுப் பொண்ணா? எப்போ கல்யாணம்?"

"வியாழக்கிழமை," என்றாள் எம்னா.

"இன்னிக்கு வியாழக்கிழமைதானேம்மா."

"ஆமா," என்றாள் எம்னா.

அந்தப் பெண் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஹாத்திமுக்கு முந்தின நாளே நான்தான் போன் செய்திருந்தேன். அது வரை அவனிடம் ஸலாம் தவிர எதுவும் பேசியதில்லை. "எம்னாவுக்கு இருக்கறது மூட்டுவலி இல்ல. லூபஸ். ஸ்ஃபாக்ஸுக்கு வாங்க," என்றேன். அவன் ஏதோ கேட்டான். வைத்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் அவன் வந்தான். ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவன், உயரமானவன், வார்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றான். அவனுடைய சுண்டுவிரலிலும் மருதாணி இருந்தது. மாப்பிள்ளைக்கு அந்த ஒரு விரலுக்கு மட்டும் வைப்போம். வேறு யாரோ தன் மேல் வைத்துவிட்டுப் போன பொருள் போல அதை மற்ற விரல்களால் மூடிக்கொண்டிருந்தான். நான் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலருகே போனேன்.

"மூட்டுவலின்னாங்க," என்றான்.

"மூட்டும் வலிக்குது," என்றாள் எம்னா.

அவன் உட்கார்ந்தான். ஒரு சொட்டு பாட்டில் தீர்ந்து, நர்ஸ் வந்து மாற்றிவிட்டுப் போனாள்.

"குழாய் அடைப்பா?" என்றான்.

"அடைப்பு இல்ல. சுவர் வீங்குது."

"சரியாகுமா?"

"அடங்கும். போகாது. திரும்ப வரும். அப்புறம் திரும்ப அடங்கும்." அவள் மூச்சு வாங்கினாள். "நான் இப்படித்தான் இருப்பேன் ஹாத்திம். சமைச்சிட்டு இருக்கும்போது பாதியில போய்ப் படுத்துக்குவேன். கடற்கரைக்கு வர மாட்டேன். குழந்தை வேணும்னா டாக்டரைக் கேட்டுத்தான். உங்களுக்குத் தெரியாம உங்க தலையில கட்டப் பார்த்தோம். நீங்க கோபப்படலாம்."

"கோபமாத்தான் இருக்கு," என்றான் அவன். பிறகு, "அதைக் காட்டு," என்றான்.

அவள் தயங்கிவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் வந்து வலது கையின் பஞ்சை விலக்கினேன். நடுவிரலின் கறுப்பு நீலத்துக்கு வந்திருந்தது. சுட்டுவிரலின் நுனி காய்ந்த அத்திப்பழம் போலச் சுருங்கத் தொடங்கியிருந்தது. அவன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான், பழுதான ஒன்றைப் பார்ப்பவன் போல.

"எங்கம்மா தெரு பூராச் சொல்லிட்டு வந்துட்டாங்க," என்றான். "மருமகளுக்கு ரெண்டு விரல் கன்னங்கரேல்னு பிடிச்சுதுன்னு. தெருமுனைல ரொட்டிக்கடைக்காரன் என்னை நிறுத்தி மப்ரூக் சொன்னான்."

எம்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தலை வலித்தது. வலியோடு சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"இப்போ அவங்ககிட்ட என்ன சொல்றது?"

"மூட்டுவலின்னு சொல்லுங்க," என்றாள்.

"வேணாம். அதான் ஒரு பேரு இருக்குல்ல. அதையே சொல்றேன்."

எழுந்து போனான். திரும்பி வருவானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எம்னா கதவைப் பார்க்கவில்லை, தூங்கிவிட்டாள். சில நாட்களாகவே அவள் அப்படித்தான், எது நடந்தாலும் நடுவில் தூங்கிவிடுவாள். மூன்று வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை அவன் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அதற்குள் டாக்டர்கள் முடிவு சொல்லியிருந்தார்கள். நடுவிரல் பிழைத்துக்கொண்டது. சுட்டுவிரலின் நுனி போய்விட்டது. உயிருள்ள தோலுக்கும் இல்லாததற்கும் நடுவே ஒரு கோடு விழும் வரை காத்திருந்து, கோடு விழுந்ததும் எடுத்தார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கணு கூட முழுசாக இல்லை. எம்னா கட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாதான் நடைபாதையில் போய் நின்றுகொண்டாள்.

லல்லா தாவூஸ் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்தோம். அவள் அம்மாவை மட்டும் பார்த்தாள்.

"ஹம்மாமுக்குப் போறேன்னு சொன்னியே நஜியா. நல்லா வியர்த்துதா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். லல்லா தாவூஸ் பெருமூச்சு விட்டாள். கட்டுப் போட்ட கையை அவள் தொடவில்லை, பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

"எந்த விரல்?"

"சுட்டுவிரல், லல்லா," என்றாள் எம்னா.

"என்னோடதா?"

"உங்களோடதுதான்."

"அப்போ பரவாயில்ல," என்றாள் லல்லா தாவூஸ். "என்னைப் பார்த்து நீட்டறதுக்கு இனிமே விரல் இல்ல." கூடையிலிருந்து ரொட்டியை எடுத்து எல்லோருக்கும் பிய்க்கத் தொடங்கினாள்.

மன்னித்தாளா என்று தெரியாது. போகும்போது என்னைத் தனியே இழுத்து, "இது பிள்ளைங்களுக்கு வருமா?" என்று கேட்டாள். சாதாரணமாக வராது, வரவே வராது என்று சொல்ல முடியாது என்றேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "உங்க வீட்ல நீ ஒருத்தியாவது நேராப் பேசறே," என்றாள்.

கல்யாணத்தைக் குளிர்காலத்துக்குத் தள்ளினார்கள். குளிரில் விரல்கள் மறுபடியும் நீலமாகும் என்று டாக்டர் சொன்னதும் அங்கிருந்து வசந்தத்துக்குத் தள்ளினார்கள். வெயிலும் கூடாது, குளிரும் கூடாது. "நடுவுல கொஞ்சம் நாள் இருக்கும். அதுல எல்லாத்தையும் முடிச்சிடணும்," என்றாள் எம்னா. மாத்திரைகள் இப்போது பஸீஸா ஜாடிக்கு முன்னால் இருக்கின்றன. விருந்தாளிகள் பார்த்தால் பார்க்கட்டும். ஹாத்திம் வெள்ளிக்கிழமைகளில் வருகிறான். சில வெள்ளிக்கிழமைகளில் வருவதில்லை. அவள் கேட்பதில்லை.

மருதாணி தோலிலிருந்து சீக்கிரம் போய்விட்டது. நகத்திலிருந்து அது போகாது. நகம் வளர வளரத்தான் மேலே தள்ளும். இப்போது அவள் நடுவிரல் நகத்தின் பாதி செங்கல் நிறம். அடியில் பாதி, புதிதாக வளர்ந்தது, நிறமில்லாமல் கண்ணாடி போல இருக்கிறது.

தினமும் மாலையில் நான் கடையிலிருந்து வந்ததும் அவள் கையை நீட்டுவாள். கண்ணைத் திறப்பதுகூட இல்லை. அந்தப் புது நகத்தை நான் கட்டைவிரலால் அழுத்துவேன். வெளுக்கும். விடுவேன். ரத்தம் உடனே வராது.

"வருதா?" என்பாள்.

"இரு."

மெதுவாக ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பு ஏறிவரும்.

"வருது," என்பேன். அவள் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிடுவாள்.